பக்கத்து வயலுக்குப் போகும் பாடம்

முன்னுரை

"இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தண்ணீருக்குச் சொன்ன இப்பழமொழி அறிவுக்கும் பொருந்தும் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அதன்படி நடக்கிறோமா?

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் எங்கள் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். வேதியியல் சமன்பாடுகளைச் சமன்செய்ய எங்களுள் ஒருத்தி எளிய வழி ஒன்றைக் கண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டபோது, "எனக்கும் சரியாத் தெரியாதுடி" என்று சொல்லி நோட்டை மூடிவிட்டாள். இது எப்படியோ சமூக அறிவியல் ஆசிரியையின் காதுக்குப் போயிற்று. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "உங்களில் எத்தனை பேர் வீட்டில் நிலம் உண்டு?" என்று மட்டும் கேட்டார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. "உங்கள் அப்பா புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் பக்கத்து வயல்காரரிடம் சொல்வாரா?" என்பது அடுத்த கேள்வி.

விடுதித் தோழி ஒருத்தி எழுந்தாள். அவள் வீட்டில் வேர்க்கடலைச் சாகுபடி. முன்பெல்லாம் பாதிக் கடலை மணி பிடிக்காமல் பொக்காகப் போகுமாம். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால் காய் திரண்டு வரும் என்று அவள் அப்பா ஒரு பயிற்சியில் தெரிந்துகொண்டு செய்தார்; பலனும் கண்டார். ஆனால் ஒரே வரப்பை அடுத்துப் பயிர் செய்யும் சித்தப்பாவுக்கு அதைச் சொன்னது இரண்டு வருடம் கழித்துத்தான். "ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று இவள் கேட்டதற்கு, "அவன் கேக்கல. நானாப் போய்ச் சொல்லி, பொய்த்துப் போனா பழி நம்ம தலையில விழும்மா" என்றாராம்.

அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் பகைவரல்லர். ஆயினும் இரண்டு போகம் ஒரு வரப்புக்கு அப்பால் கடலை பொக்காகப் போயிற்று. கற்ற சிறு விவசாயி அண்டையாருக்குச் சொல்லத் தடையாக இருப்பது எது? சொல்ல வைப்பது எது? இக்கேள்விகளுக்கு விடை தேடி நூலகத்திலும் வெளியிலும் நாங்கள் படித்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பக்கத்து வயலே பள்ளிக்கூடம்

முதலில், அண்டையாரின் சொல்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை 1928 ஆம் ஆண்டளவில் விவசாயிகளின் கைக்கு வந்தது. பிரைஸ் ரையன், நீல் குரோஸ் என்னும் இரு சமூகவியல் அறிஞர்கள் அங்குள்ள 259 விவசாயிகளைச் சந்தித்துப் பேசி, 1943 இல் தம் ஆய்வை வெளியிட்டனர். 1941 ஆம் ஆண்டுக்குள் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். விளைச்சல் கூடும் என்று தெரிந்திருந்தும் ஊர் முழுவதும் மாறப் பல ஆண்டுகள் ஆயின. பலர் முதலில் சிறு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்த்து, பின்னரே முழு நிலத்துக்கும் கொண்டுபோனார்கள்.

"இந்த விதையைப் பற்றி முதலில் உங்களுக்குச் சொன்னவர் யார்?" என்று கேட்டபோது பெரும்பாலும் விதை விற்பவரையே காட்டினார்கள். "உங்கள் மனத்தை மாற்றியவர் யார்?" என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதில், "பக்கத்து விவசாயி." செய்தியை யாரும் கொண்டுவரலாம், நம்பிக்கையைக் கொண்டுவருபவர் அண்டையாரே என்பது இதனால் விளங்குகிறது. காரணம் எளிது. பக்கத்து வயலின் மண் நம் மண். அதில் பெய்யும் மழை நம் மழை. அங்கே விளைந்தால் இங்கேயும் விளையும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அஞ்சுகிறவருக்கு, வரப்புக்கு அப்பால் காய்த்துத் தொங்கும் சுரைக்காயைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு குழியின் கதை

இனி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவோம். புர்க்கினா பாசோ நாட்டின் வடபகுதியில் யாத்தெங்கா என்னும் வறண்ட நிலப்பரப்பு உள்ளது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் கடும் வறட்சி அதைத் தாக்கியது. நிலம் மேலே ஓடு கட்டியதுபோல் இறுகிற்று. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. குடும்பம் குடும்பமாக மக்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

அந்நாளில் யாக்கூபா சவடோகோ என்பவர் நகரத்துச் சந்தையில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டுத் தம் ஊராகிய கூர்காவுக்குத் திரும்பி மண்ணைக் கையில் எடுத்தார். அப்பகுதியில் பழங்காலத்திலிருந்தே 'சாய்' என்றொரு முறை உண்டு. இறுகிய நிலத்தில் சிறு சிறு குழிகள் தோண்டி அவற்றில் சோளமோ கம்போ விதைப்பதே அது. சவடோகோ அக்குழிகளை முன்னிலும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, உள்ளே எரு இட்டார். மழைக்குப் பின் தோண்டாமல், கோடையிலேயே தோண்டி வைத்தார். எருவைத் தேடிக் கறையான்கள் வந்தன. அவை துளைத்த வழிகளில் மழைநீர் உள்ளே இறங்கித் தங்கியது. நாம் பகையாக நினைக்கும் கறையானே அங்கு உழவருக்குத் துணையாயிற்று!

கோடையில் குழி தோண்டுகிறவரைக் கண்டு ஊரார் பைத்தியம் என்றார்கள். அவர் வளர்த்த மரங்களுக்கு யாரோ தீயும் வைத்தார்கள். அவர் மீண்டும் நட்டார். சோளம் விளைந்தது, எருவோடு வந்த விதைகளிலிருந்து மரங்கள் முளைத்தன, காலப்போக்கில் வெறுந்தரை ஒரு காடாகவே ஆயிற்று.

நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த செயல். தம்மை ஏளனம் செய்தவர்களிடம் அவர், "எனக்கும் சரியாகத் தெரியாது" என்று சொல்லி நோட்டை மூடவில்லை. 1984 முதல் ஆண்டுக்கு இருமுறை தம் நிலத்தில் உழவர் சந்தை கூட்டினார். அறுவடைக்குப் பின் ஒரு முறை. விதைப்புக்கு முன் ஒரு முறை. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து விவசாயிகள் வந்து விதைகளை மாற்றிக்கொண்டு, அனுபவங்களைச் சொல்லிக்கொண்டார்கள். வந்தவர்களும் தம்மிடமிருந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் மட்டும் இருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

அதே நாட்டின் ஊசேனி சோரோமே என்னும் விவசாயி 1992 இல் 'சாய் பள்ளி'களைத் தொடங்கினார். சாலையோரத்துச் சரளை நிலம் ஒன்றில், போவோர் வருவோர் கண்ணில் படும்படி விவசாயிகளைக் கூட்டிக் குழி தோண்டக் கற்பித்தார். அதுபோன்ற பள்ளிகள் பின்னர் பல இடங்களில் பெருகின. அலி ஊத்ராவோகோ என்பவரோ, ஊருக்குச் சிலரைத் தனித்தனியே பழக்கி, அவர்கள் மற்றவரைப் பழக்கும்படி செய்தார். சந்தை, பள்ளி, குரு சீடர் முறை என மூவர் வகுத்த வழிகள் மூன்று. பரவிய பாடம் ஒன்று. சவடோகோவுக்கு 2018 இல் 'வாழ்வுரிமை விருது' எனப்படும் உலகப் புகழ்பெற்ற விருது கிடைத்தது. அவர் 2023 டிசம்பரில் காலமானார்.

எல்லாரும் ஏன் சொல்வதில்லை?

சவடோகோவைப் போன்றவர் ஊருக்கு ஒருவர் இருந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் நம் தோழியின் அப்பாவைப் போன்ற நல்லவர்களே அதிகம். அவர்கள் வஞ்சகர் அல்லர். அவர்கள் வாய் திறவாமைக்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, உழைப்பு. ஒரு முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் முதலில் தாம் செய்து பார்க்க வேண்டும். சிறு நிலத்தில் சோதனை தவறினால் அந்த வருடச் சோறு போயிற்று. பிறகு மற்றவர் வயலுக்கு நடந்துபோய்க் காட்டவும் வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

இரண்டு, பழியச்சம். ஊர் நன்மையை மறந்தாலும் நட்டத்தை மறக்காது.

மூன்று, போட்டி. ஒரே சந்தைக்கு ஒரே காய்கறியைக் கொண்டுபோகிறவர்கள், அடுத்தவன் வண்டியும் நிறைந்தால் விலை இறங்குமே என்று எண்ணுவதுண்டு.

நான்கு, கேட்பாரின்மை. கேட்பது தாழ்வு என்று ஒருவர் எண்ண, வலியச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று மற்றவர் எண்ண, நடுவில் வரப்பு மதிலாகிறது.

மலாவி நாட்டுச் சோதனை

இத்தடைகளை நீக்க முடியுமா என்பதைத் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே மக்காச்சோளமே உயிர்நாடி. அதன் மாவைக் கிளறிச் செய்யும் 'நிசிமா' என்னும் களியே அன்றாட உணவு. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சிறு துண்டு நிலமே உண்டு. மண்ணைப் பார் அணைத்து அதன்மேல் விதைப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். அதை மாற்றிக் குழியில் விதைத்தால் ஈரம் தங்கும், விளைச்சல் கூடும். அதாவது, யாத்தெங்காவின் குழிக்கு உறவான குழிதான் இதுவும். முதல் ஆண்டு தோண்டுவது கடினம். பின்வரும் ஆண்டுகளில் அதே குழிகள் பயன்படும்.

இதை ஊருக்கு ஊர் சொல்லத்தக்க அரசு விரிவாக்கப் பணியாளர்கள் போதவில்லை. பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி அப்போது காலியாக இருந்தன. ஆகவே ஏரியல் பென்இஷாய், முஷ்பிக் மொபாரக் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், அரசின் வேளாண்மை அமைச்சகத்துடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினர். சில ஊர்களில் அரசுப் பணியாளர் சொல்வார். சில ஊர்களில் 'முன்னோடி விவசாயி' ஒருவர் சொல்வார். இன்னும் சில ஊர்களில், மற்றவரைப் போன்ற சாதாரண விவசாயிகள் ஐவர் சொல்வார்கள். இந்த மூன்று வகையிலும் பாதி ஊர்களில், ஊரார் அதைக் கற்றுக் கடைப்பிடித்தால் சொன்னவருக்குச் சிறு பரிசு உண்டு என்று அறிவித்தனர். சாதாரண விவசாயிக்குரிய பரிசு என்ன தெரியுமா? ஒரு பொட்டலம் பயறு விதை!

முடிவு சிந்திக்கத்தக்கது. பரிசில்லாத ஊர்களில் அந்த ஐவர் பெரும்பாலும் தாமும் குழி தோண்டவில்லை, பிறருக்கும் சொல்லவில்லை. பரிசு அறிவித்த ஊர்களிலோ அதே போன்ற ஐவர், தாமே செய்து பார்த்து, அண்டையாரிடம் போய்ச் சொல்லி, மற்ற இரு வகையினரையும் மிஞ்சினார்கள். ஊரார் யார் சொல்லை அதிகம் நம்பினார்கள்? தம்மைப் போன்ற நிலமும் தம்மைப் போன்ற வாழ்வும் உடையவர் சொல்லையே. வசதியான முன்னோடியைப் பார்க்கும் ஏழை, "அவருக்கு முடியும், எனக்கு முடியுமா?" என்று எண்ணுவது இயல்புதானே.

ஒரு பொட்டலம் பயறு விதைக்காகவா மனிதர் மாறினார்கள் என்று முதலில் நாங்களும் ஏளனமாகப் பேசினோம். பிறகு யோசித்தோம். பொட்டலம் பெரிதன்று. "உன் உழைப்பை நாங்கள் பார்க்கிறோம், நீ சொல்வது உன் கடமையில் ஒன்று" என்று ஊர் அறியச் சொன்னதே பெரிது என்பது எங்கள் கருத்து. வலியச் சொல்கிறவன் என்ற கூச்சம் அதனால் நீங்குகிறது. சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறதல்லவா?

அதே நாட்டில் 200 ஊர்களில் நடந்த மற்றோர் ஆய்வு, இன்னொரு பாடத்தைத் தருகிறது. பெரும்பாலோர் ஒருவர் சொல்லி மாறுவதில்லை. தாம் அறிந்த இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே புதிய முறைக்கு இறங்குகிறார்கள். ஆகவே ஊருக்கு ஓர் அறிஞர் போதாது. ஒருவருக்கொருவர் பழகும் சிலர் சேர்ந்து கற்க வேண்டும்.

பெண் சொன்னால்?

இப்போது சொல்லப்போவது பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் மறக்கக் கூடாதது. மலாவியின் 142 ஊர்களில், புதிய முறையைக் கற்று ஊருக்குச் சொல்லும் பொறுப்பை, சில ஊர்களில் ஆண்களுக்கும் சில ஊர்களில் பெண்களுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பகிர்ந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய 4,000 விவசாயிகளிடம் விசாரித்து எழுதிய அந்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது.

பெண்கள் பாடத்தை ஆண்களுக்கு இணையாகக் கற்றார்கள்; கற்றதை மறவாமல் நினைவில் வைத்தார்கள். அவர்களிடம் கற்றவர்களின் விளைச்சல் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் அவர்கள் சொல் கேட்டு மாறியவர்கள் குறைவு! ஏன்? "இவளுக்கு என்ன தெரியும்" என்று ஊரார் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். பெண் பேச வந்தபோது காதைக் கொடுக்கவில்லை.

இதைப் படித்த அன்று எங்களுக்கு மனம் கசந்தது. ஆனால் குறை எங்கே என்பது அதனால் தெளிவாயிற்று. குறை பெண்ணின் அறிவில் இல்லை. கேட்பவரின் செவியில் இருக்கிறது. செவியை மூடிக்கொண்டவர் இழந்தது வாக்குவாதத்தை அன்று. மூட்டை மூட்டையான மக்காச்சோளத்தை. ஒரு பெண்ணின் சொல்லைத் தள்ளும்போது அவ்வூர்க் குழந்தைகளின் களியில் ஒரு கவளம் குறைகிறது.

நம் வயலுக்கு வந்த பாடம்

தொலைநாட்டுக் கதைகள் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம்மூரில் 'ஒற்றை நாற்று நடவு' என்றும், 'திருந்திய நெல் சாகுபடி' என்றும் சொல்லும் முறை எங்கிருந்து வந்தது? மடகாஸ்கர் தீவிலிருந்து. ஆன்றி தெ லோலானியே என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1961 இல் அத்தீவுக்குச் சென்றார். அங்குள்ள உழவர்களின் வயல்களைப் பல ஆண்டுகள் கவனித்து, அவர்களுள் சிலர் ஒற்றை நாற்றாக நட்டதையும், வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்காததையும் கற்றுக்கொண்டார். 1983 இல் மழை பொய்த்த நிலையில், பதினைந்தே நாளான இளம் நாற்றை நட நேர்ந்தது. அவை கெடும் என்று எண்ணியிருக்க, அவை நன்றாகத் தூர் கட்டின. இவற்றையெல்லாம் சேர்த்தே அவர் அம்முறையை உருவாக்கினார். 1990 இல் மடகாஸ்கர் நண்பர்களுடன் அதைப் பரப்ப ஒரு சங்கமும் அமைத்தார். அது 2000 ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டு வயல்களில் ஆராயப்பட்டு, பின்னர் பல மாவட்டங்களில் பரவியது.

குரு விவசாயியிடம் கற்றார். விவசாயி குருவிடம் கற்றார். நாடு நாட்டிடம் கற்றது. நம்மூர் வயலில் அந்த இளநாற்றைச் சேற்றோடு எடுத்து, இடைவெளி பார்த்து நட்டவர்கள் யார்? நம் தாய்மாரும் அத்தைமாருமே. "ஒத்தை நாத்து நட்டா வயல் மொட்டையால்ல கிடக்கும்" என்று முதலில் தயங்கிய கைகளே, பழகியபின் அடுத்த வயலுக்கு அப்பாடத்தைக் கொண்டுபோகத்தக்க கைகள். அவர்களையும் பயிற்சிக்கு அழைத்தால்தான் பாடம் நிறைவுபெறும்.

நாம் கொள்ளத்தக்கவை

படித்தவற்றிலிருந்து நாங்கள் தேர்ந்த கருத்துகள் ஐந்து:

1. சொல்பவர் முதலில் செய்து காட்டட்டும். வயல் பேசினால் வாய் அதிகம் பேச வேண்டியதில்லை.

2. வசதியானவரை மட்டும் தேடாமல், மற்றவரைப் போன்ற சாதாரணச் சிறு விவசாயிகள் சிலரைச் சேர்த்துத் தேர்ந்தெடுப்போம். அவர்களில் பெண்களும் இருக்கட்டும்.

3. சொல்பவரின் உழைப்பை ஊர் மதிக்கட்டும். சிறு விதைப் பொட்டலமும் போதும்; அதை எல்லார் முன்னிலையிலும் கொடுக்கட்டும்.

4. பழியச்சம் நீங்க, புதிய முறையை முழு நிலத்தில் இறக்காமல் ஒரு மூலையில் சோதிக்கச் சொல்வோம். மூலையில் தவறினால் பாடம். முழுதும் தவறினால் பட்டினி.

5. கேட்பவரும் கொடுக்கட்டும். சவடோகோவின் சந்தையில் போல, ஆளுக்கொரு விதையோ ஓர் அனுபவமோ கொண்டுவந்தால் யாரும் கடன்பட்டவராக உணர மாட்டார்கள்.

முடிவுரை

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். நெல்லைக் கொடுத்தால் குதிர் குறையும். பணத்தைக் கொடுத்தால் மடி குறையும். அறிவைக் கொடுத்தால் எதுவும் குறைவதில்லை. ஆயினும் சொல்வதற்குச் செலவாகும் நேரமும் உழைப்பும் மெய்யானவை. அவற்றை மதிக்காமல், "நல்லவர்களாக இருங்கள்" என்று விவசாயிகளுக்கு உபதேசம் மட்டும் செய்வது நியாயமன்று. மதிப்பும் சிறு துணையும் கொடுத்தால் சாதாரண மனிதரும் சவடோகோவின் வழியில் சில அடிகளாவது நடப்பார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற எங்கள் விடுதித் தோழி இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசவில்லையாம். மறுநாள் காலை, "உன் சித்தப்பனக் கூட்டிட்டு வா. இந்தத் தடவை விதை நேர்த்திய ரெண்டு பேரும் சேந்தே பண்ணிப் பாப்போம்" என்றாராம். சித்தப்பா வந்தார், கூடவே சித்தியும் வந்தாள். மூவரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து பேசினார்கள் என்று அவள் எங்களிடம் சொன்னபோது, அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமன்பாட்டு வழியோ? அதை இப்போது வகுப்பில் நாங்கள் நாற்பது பேரும் அறிவோம். நோட்டை மூடியவளே கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அதனால் அவள் மதிப்பெண் குறையவில்லை. சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கே இரண்டு இடங்களில் ஐயம் இருந்தது தெரிந்தது என்றாள். கிணறு இறைக்க இறைக்க ஊறும் என்பதை இனி நாங்கள் கட்டுரைக்காக மட்டும் எழுத மாட்டோம்.

தோழியரே, உங்கள் வீட்டு வரப்புக்கு அப்பால் யார் இருக்கிறார்? அவருக்குத் தெரியாத எது உங்கள் வீட்டில் தெரியும்? இந்த விடுமுறையில் அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.